வெந்நீர் படாமலே வெந்துபோகும் பிஞ்சுத் தோல்

ஒரு வீட்டை மனக்கண்ணில் எடுத்துக்கொள்வோம். வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் உள்வீதியில் இருக்கும் சின்ன வீடு அது. அங்கே ஒரு தாய், அம்மம்மா, ஏழு வயதில் மூத்தவள், இரண்டு வயதில் கடைக்குட்டி. போர் முடிந்த 2009 இல் பதுங்குகுழிக்குள் இருந்த சிறுமிதான் இன்று அந்த வீட்டின் தாய். உழைத்துத் தர வேறு ஆள் இல்லை. கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால்தான் அன்று அடுப்பு எரியும்.

கடைக்குட்டிக்கு இரண்டு நாளாக மூக்கு வடிகிறது. மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு புண், அதன் மேல் தேன் நிறத்தில் பொருக்கு. மூன்றாம் நாள் காய்ச்சல். தூக்கினால் வீரிட்டு அழுகிறான். கழுத்தும் கமக்கட்டும் சிவந்து கிடக்கின்றன. "அம்மாள் பார்த்திட்டா பிள்ளை. மருந்து ஒண்டும் குடுக்கக் கூடாது. வேப்பிலை பறிச்சுக்கொண்டு வா" என்கிறா அம்மம்மா. அடுத்த நாள் விடிய உடுப்பைக் கழற்றும்போது, கமக்கட்டுத் தோல் நனைந்த கடதாசி போல உரிந்து வருகிறது. கீழே சிவந்த ஈரத் தோல். ஷெல் விழுந்த நாட்களில் தீக்காயங்களைக் கண்ட அந்தத் தாயின் கண்களுக்கு அது எரிகாயம் போலவே தெரிகிறது. ஆனால் பிள்ளை நெருப்பின் பக்கமே போகவில்லை. வெந்நீரும் படவில்லை.

இப்படி ஒரு நிலைமை எங்கள் வீடுகளில் எதிலும் வரலாம். அந்த நேரத்தில் தாய் எடுக்கும் முடிவுதான் பிள்ளையின் உயிரைக் காக்கும். ஆகவே இந்த நோயைப் பற்றித் தாய்மாரும் அம்மம்மாமாரும் சேர்ந்தே அறிந்து வைத்திருப்பது நல்லது.

இது என்ன நோய்?

இதற்கு வைத்தியர்கள் வழங்கும் பெயர் நீளமானது. "ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியால் வரும் வெந்த தோல் நோய்" என்று தமிழில் சொல்லலாம். வைத்தியசாலை அட்டையில் எஸ்.எஸ்.எஸ்.எஸ். என்று நான்கு எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர் பிராக் நகரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லமொன்றில் பணியாற்றிய ரிற்றர் வொன் ரிற்றர்ஷைன் என்ற வைத்தியர். 10 ஆண்டுகளில் தாம் கண்ட 297 குழந்தைகளைப் பற்றி 1878 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அதனால் இதற்கு ரிற்றர் நோய் என்ற பெயரும் உண்டு. காரணம் நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1970 ஆம் ஆண்டில் மெலிஷ், கிளாஸ்கோ என்ற இரு வைத்திய ஆய்வாளர்கள், நோயுற்ற பிள்ளைகளிடமிருந்து எடுத்த கிருமியைப் பிறந்த எலிக்குஞ்சுகளில் செலுத்தியபோது அவற்றின் தோலும் அப்படியே உரிந்தது. கிருமி சுரக்கும் ஒரு நஞ்சே தோலை உரிக்கிறது என்பது அதன் பின்னர் உறுதியானது.

அந்த நஞ்சு என்ன செய்கிறது? எங்கள் தோலின் மேற்படையில் உள்ள கலங்கள் செங்கல் மதில் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது டெஸ்மோகிளீன் 1 என்ற புரதம். மதிலுக்குச் சீமெந்துச் சாந்து எப்படியோ, தோலுக்கு இந்தப் புரதம் அப்படி. கிருமியின் நஞ்சு இந்தப் புரதத்தைத் துண்டாக்கி விடுகிறது. சாந்து போனால் மதில் பிரியும் அல்லவா? அதுபோலவே மேற்தோல் கழன்று விடுகிறது.

இங்கே தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோல் உரிந்த இடத்தில்தான் கிருமி இருக்க வேண்டும் என்பதில்லை. கிருமி மூக்கிலோ, பீளை தள்ளும் கண்ணிலோ, பிறந்த பிள்ளையின் தொப்புளிலோ, ஒரு சின்னப் புண்ணிலோ இருக்கும். அங்கிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. ஆகவே உரிந்த தோலின் மேல் எதைப் பூசினாலும் நோய் நிற்காது. உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும்.

ஏன் சிறு பிள்ளைகளுக்கு?

சுகமாக இருக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி சும்மா குடியிருக்கும். அதனால் அவர்களுக்கு எந்த வருத்தமும் இராது. அந்தக் கிருமிகள் எல்லாமே தோலை உரிக்கும் நஞ்சைச் சுரப்பவையும் அல்ல. சில வகைகளே அப்படிச் செய்யும்.

வளர்ந்தவர்களின் உடலில் இந்த நஞ்சை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. நஞ்சைச் சிறுநீரோடு வெளியேற்றச் சிறுநீரகமும் முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இரண்டும் போதாது. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பிறந்த சிசுக்களையும் தாக்குகிறது. பெரியவர்களுக்கு வருவது அரிது. சிறுநீரக நோயோ, உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலையோ உள்ள பெரியவர்களுக்கு வந்தால் அது மிக ஆபத்தானது.

எனவே, "நான் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் வந்தது" என்று எந்தத் தாயும் தன்னை நோக வேண்டாம். துப்புரவான வீட்டிலும் இது வரும். வந்த பின் எவ்வளவு விரைவாகச் செயற்படுகிறோம் என்பதே முக்கியம்.

அம்மாள் வருத்தமா, இதுவா?

பொக்குளிப்பானை நாங்கள் அம்மாள் வருத்தம் என்கிறோம். இடம்பெயர்ந்து முகாம்களில் நெருங்கி வாழ்ந்த காலத்தில் அது பரவியதைப் பலரும் கண்டிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில், காய்ச்சலோடு தோலில் எது வந்தாலும் அம்மாள் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

பொக்குளிப்பானில் கொப்புளங்கள் தனித்தனியாக வரும். சிவந்த புள்ளியின் மேல் நீர்த்துளி வைத்தது போல இருக்கும். ஒரு பக்கம் புதிதாக அரும்ப, மறு பக்கம் காய்ந்து பொருக்கு விடும். தலைமயிருக்குள்ளும் வரும். பிள்ளை சொறியும். கடியே பெரிய தொல்லை.

வெந்த தோல் நோயில் தோல் பரவலாகச் சிவக்கும். வெயிலில் கருகியது போலவோ, வெந்நீர் பட்டது போலவோ இருக்கும். கடியை விட நோவே அதிகம். பிள்ளை தூக்க விடாது, உடுப்புப் போட விடாது. வாயையும் மூக்கையும் கண்ணையும் சுற்றிப் பொருக்கு விட்டு வெடிக்கும். ஓரிரு நாட்களுக்குள் கழுத்து, கமக்கட்டு, கவட்டுப் பக்கங்களில் தோல் சுருங்கி, பெரிய தளர்ந்த கொப்புளமாகி உரியும். இலேசாகத் தொட்டாலே தோல் வழுகும்.

இந்த நோயில் வாயின் உட்பக்கம் பெரும்பாலும் புண்ணாவதில்லை. தோல் உரிவதோடு வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் புண் இருந்தால், அது ஏதேனும் மருந்து ஒவ்வாமையால் வந்த வேறு கடும் நோயாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொக்குளிப்பான் வந்த பிள்ளை நகத்தால் சொறிந்து புண்ணாக்கினால், அந்தப் புண்ணிலும் இந்தக் கிருமி புகலாம். ஆகவே அம்மாள் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறையத் தொடங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினால், கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கி நொந்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அம்மனை நம்புவது தவறல்ல. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை வைத்தியர் எவரும் தடுக்கப் போவதில்லை. பிள்ளையை வைத்தியசாலையில் சேர்த்துவிட்டு நேர்த்தி வையுங்கள். சுகமான பிள்ளையைக் கொண்டுபோய்ப் பொங்கலிடுங்கள்.

எப்போது உடனே கொண்டு போக வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா பகலா என்று பார்க்க வேண்டாம்.

- தோல் பரவலாகச் சிவந்து, தொட்டால் பிள்ளை அழுதல்
- தோல் உரிதல் அல்லது பெரிய கொப்புளம் எழும்புதல்
- காய்ச்சலோடு பால், சாப்பாடு எடுக்காமை
- சிறுநீர் குறைதல், வாய் உலர்தல், அழுதாலும் கண்ணீர் வராமை
- பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், உடம்பு குளிர்தல், மூச்சு வேகமாக வாங்குதல்
- பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் சிசுவின் தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ் வடிதல், கொப்புளம் வருதல்

பிறந்த சிசுவுக்குக் காய்ச்சல் இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. கிருமி உடம்பெங்கும் பரவும்போது சிசுவின் உடம்பு சூடாகாமல் குளிர்ந்து போவதும் உண்டு.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் விடுதி, ஊசி, மருந்து எவற்றுக்கும் கட்டணம் அறவிடுவதில்லை. காசு இல்லை என்பதற்காக எந்தத் தாயும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

கொண்டு போகும்போது

தோய்த்து உலர்த்திய மெல்லிய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றில் பிள்ளையைத் தளர்வாகச் சுற்றுங்கள். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். துணியோடு சேர்த்து, அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குங்கள். தோல் போனால் உடம்பின் சூடும் நீரும் வேகமாகப் போய்விடும். ஆகவே குளிர் காற்றுப் படாமல் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வழியிலும் பால் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய நீர் அல்லது ஜீவனி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

காய்ச்சலுக்கும் நோவுக்கும் பரசிற்றமோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறூபன் போன்ற வேறு நோமருந்துகள் வேண்டாம்.

மஞ்சள், வேப்பிலை அரைத்த விழுது, தேங்காய் எண்ணெய், பற்பசை, சாம்பல் எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உரியும் தோலைப் பிடித்து இழுக்காதீர்கள். கடையில் வாங்கி வைத்திருக்கும் ஸ்ரிரொயிட் கலந்த களிம்பையும் பூச வேண்டாம். அது இந்த நோயில் நன்மை செய்யாது, தீமையே செய்யும்.

பிள்ளையின் கிளினிக் கொப்பியையும், முன்னர் கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். பெனிசிலின் ஊசியோ குளிசையோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் வைத்தியர் கேட்கும் முன்னரே சொல்லுங்கள்.

"சுடுதண்ணி ஊத்தினியா?"

வைத்தியசாலை வாசலில் தாயை நோகடிக்கும் கேள்வி ஒன்று வரலாம். "பிள்ளைக்கு என்ன செய்தனீர்? சுடுதண்ணி ஊத்துப்பட்டதோ?" இந்த நோய் எரிகாயம் போலவே தோன்றுவதால் வைத்தியர்களும் தாதிமாரும் அப்படிக் கேட்பதுண்டு. சிறுவர்களைப் பாதுகாக்கும் கடமையும் அவர்களுக்கு இருக்கிறது. கேள்விகளும் விசாரணைகளும் எங்களுக்குப் பழைய பயங்களைக் கிளறும் என்பது உண்மை. ஆனாலும் பயந்து பேசாமல் நிற்கவோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரவோ வேண்டாம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லுங்கள். எந்த நாள் மூக்கு வடிந்தது, எங்கே முதலில் புண் வந்தது, எப்போது காய்ச்சல் தொடங்கியது, எந்த இடம் முதலில் சிவந்தது, எப்போது உரிந்தது. வெந்நீர் பட்ட தோல் அந்தக் கணமே சிவக்கும். இந்த நோய் காய்ச்சலோடும் புண்ணோடும் தொடங்கி நாட்கணக்கில் படிப்படியாக வரும். நீங்கள் சொல்லும் இந்த விபரங்களே வைத்தியர் நோயை விரைவாக இனங்காண உதவும்.

விடுதியில் என்ன நடக்கும்?

நரம்பில் ஊசி ஏற்றி மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த புளூகுளொக்சசிலின் போன்ற மருந்தாக இருக்கும். இழந்த நீருக்குச் சேலைன் ஏற்றுவார்கள். மூக்கு, கண், தொப்புள் போன்ற இடங்களிலிருந்து பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உரிந்த இடங்களில் ஒட்டாத வகையான கட்டுப் போட்டு, நோவுக்கு மருந்து தருவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றாதபடி தனியான கட்டிலிலோ அறையிலோ வைக்கக்கூடும். அதை ஒதுக்கி வைப்பதாக எண்ண வேண்டாம்.

முதல் ஓரிரு நாட்களில் தோல் இன்னும் உரிவதைக் கண்டு தாய்மார் நம்பிக்கை இழப்பதுண்டு. ஏற்கெனவே இரத்தத்தில் கலந்த நஞ்சு வெளியேறும் வரை அப்படி இருக்கும். அதன் பின் சிவப்புக் குறைந்து, தோல் காய்ந்து, செதிலாக உதிரத் தொடங்கும். ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களில் புதுத் தோல் மூடிவிடும்.

மனத்துக்கு ஆறுதலான செய்தி இதுதான். நஞ்சு தோலின் மேற்படையை மட்டுமே பிரிக்கிறது. அடித்தோல் அப்படியே இருக்கிறது. அதனால் எரிகாயம் போலத் தோன்றினாலும், பொதுவாகத் தழும்பு விழுவதில்லை. நேரத்தோடு சிகிச்சை கிடைக்கும் பிள்ளைகளில் 100 பேரில் 95 பேருக்கும் அதிகமானோர் முழுமையாகக் குணமடைகின்றனர். சிகிச்சை பிந்தும்போதுதான் நீரிழப்பும், உடம்பு குளிர்தலும், இரத்தத்தில் கிருமி பரவுதலும் உயிரைப் பறிக்கின்றன.

வீட்டுக்குத் துண்டு வெட்டும்போது குடிக்கும் மருந்து தந்தால், பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டது என்று இடையில் நிறுத்த வேண்டாம். சொன்ன நாள் வரை கொடுங்கள். மிஞ்சிய மருந்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம். அரைகுறையாக மருந்து கண்ட கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது.

சின்னப் புண்ணிலேயே நிறுத்துவோம்

அந்த வீட்டுக் கடைக்குட்டிக்கு எல்லாம் தொடங்கியது மூக்குக்குக் கீழே இருந்த சின்னப் புண்ணில். தேன் நிறப் பொருக்கு விடும் அந்தப் புண் சிறுவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. பலருக்கு அது அந்த அளவோடு ஆறிவிடும். எனினும் இரண்டு நாளில் ஆறாமல் பரவினால் பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். மருந்து தொடங்கி ஒரு நாளாவது கழியும் வரை முன்பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

இவ்வகைப் புண்ணைச் சில வேளை ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற வேறு கிருமியும் உண்டாக்கும். அப்படியானால் புண் ஆறிச் சில வாரங்களின் பின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

சொறி உள்ள வீட்டில் இப்படியான புண்கள் ஓயாது. இரவில் கடித்து, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பருப்பருவாக வருவது சொறி. அது ஒரு நுண்ணிய உண்ணியால் வருவது. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் உள்ள அனைவரும், கடி இல்லாதவர்களும், ஒரே நாளில் வைத்தியர் தந்த மருந்தைப் பூச வேண்டும். உடுப்பு, படங்கு, விரிப்பு, தலையணை உறை யாவற்றையும் அன்றே சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் போட வேண்டும். தோய்க்க முடியாதவற்றை ஒரு பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடலாம்.

மற்றவை எல்லோருக்கும் இயலுமானவை. பிள்ளையின் நகத்தை வாரம் ஒரு தடவை வெட்டுங்கள். ஆளுக்கொரு துவாய் வையுங்கள். புண்ணைத் தொட்ட கையையும் மூக்குச் சிந்திய கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கிணறு வற்றும் காலத்தில், வெறும் பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஆணியால் துளையிட்டுத் தலைகீழாகத் தொங்க விட்டால், கொஞ்சத் தண்ணீரிலேயே வீட்டார் எல்லோரும் கை கழுவலாம். சிசுவின் தொப்புளை உலர்வாக வைத்திருங்கள். சாம்பலோ பவுடரோ போட வேண்டாம். பிள்ளை பிறந்த முதல் 10 நாட்களுக்குள் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது தொப்புளையும் தோலையும் காட்டிக் கேளுங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் கிளினிக்குக்குப் போங்கள்.

ஒரு நாள் கூலியும் ஒரு பிள்ளையும்

மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம். விடிந்துவிட்டது. தாய் உரிந்த தோலைப் பார்த்தபடி நிற்கிறாள். போனால் இன்றைய கூலி போகும். விடுதியில் ஒரு கிழமை நிற்க நேர்ந்தால் மூத்தவளை யார் பார்ப்பது? எங்கள் பெண்கள் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது அறியாமையால் மட்டும் அல்ல. இந்தக் கணக்குத்தான் அவர்களின் காலைக் கட்டிப் போடுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரை அந்தத் தாய்க்கு மட்டும் எழுதப்படவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டுக்கும், அவள் சேர்ந்திருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. "நீ பிள்ளையைக் கொண்டு போ. மூத்தவள் எங்களோட நிக்கட்டும். ரெண்டு நேரச் சோறு நாங்கள் குடுத்து விடுறம்" என்று ஒருத்தி சொன்னால், அந்தத் தாய் உடனே புறப்பட்டு விடுவாள். பங்கருக்குள்ளும் முகாமிலும் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்தே நாங்கள் தப்பி வந்தோம். அந்தப் பழக்கத்தை இப்போதும் விட வேண்டாம்.

அம்மம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. அடுத்த முறை பேரப்பிள்ளையின் தோல் சிவந்து நொந்தால், "வேப்பிலை பறி" என்று சொல்ல முன்னர், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ பிள்ளை" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.